மென்பவளம் வாடினால்: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நலம் அறியும் முறை

நேற்று வரை குடைபோல் விரிந்து நின்ற தோல்பவளம் இன்று காலை கூம்பிக் கிடக்கிறது. மேற்பரப்பில் மெழுகு பூசியது போன்ற பளபளப்பு. பூவிதழ்களாய் வெளியே நீண்டிருந்த சிற்றிழைகளில் ஒன்றைக்கூடக் காணோம். இந்நிலையைக் கண்டவுடன் பெரும்பாலான வீடுகளில் அன்றைக்கே நான்கு காரியங்கள் நடந்துவிடுகின்றன. தொட்டி நீரில் பாதி மாற்றப்படுகிறது. விளக்கின் ஒளி குறைக்கப்படுகிறது அல்லது கூட்டப்படுகிறது. கடைக்காரர் சொன்ன மருந்து ஒன்று ஊற்றப்படுகிறது. பவளம் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறொரு மூலையில் வைக்கப்படுகிறது. பத்து நாள்களில் அது இறந்துபோனால், எதனால் இறந்தது என்று எவராலும் கூற இயலாது. தொடக்கத்தில் அதற்கு எந்த நோயும் இல்லாமலேகூட இருந்திருக்கலாம்.

மும்பையின் குர்லா, கொல்கத்தாவின் கலிஃப் தெரு, சென்னையின் கொளத்தூர் ஆகிய இடங்கள் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்றவை. நன்னீர் மீன்களில் தொடங்கும் ஆர்வம் சிலரைக் கடல்நீர்த் தொட்டிக்கும், அங்கிருந்து பவளங்களுக்கும் இட்டுச் செல்கிறது. தொட்டி, விளக்கு, நீரைக் குளிர்விக்கும் சில்லர், செயற்கைக் கடலுப்பு என்று ஒரு குடும்பம் இதில் முதலிடும் தொகை சிறிதன்று. அத்தொகையினும் பெரிது, நம் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்ட ஓர் உயிர். ஆகவே வாடிய பவளத்தைக் கண்டதும் எதைச் செய்வது என்பதைவிட, எதை எந்த வரிசையில் கவனிப்பது என்பதையே இங்கு விரிவாகக் காண்போம்.

முதலில் இவ்வுயிரின் இயல்பைச் சற்று அறிதல் நலம். மென்பவளம் செடியன்று, விலங்கு. பாலிப் எனப்படும் எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒரே சதைப்பற்றில் சேர்ந்து வாழும் கூட்டுக்குடும்பம் அது. ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டு உணரிழைகள் உண்டு. இறகின் ஓரங்களைப்போல் அவற்றில் பக்கக் கிளைகள் இருக்கும். கல்பவளங்களைப்போல் இவற்றுக்குச் சுண்ணாம்பாலான உறுதியான வீடு கிடையாது. சதைக்குள் சிதறிக் கிடக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முட்களும், உடலுக்குள் ஏற்றி வைத்துக்கொள்ளும் நீரின் அழுத்தமுமே இவற்றை நிமிர்த்தி நிறுத்துகின்றன. காற்றடைத்த பந்தைப்போல, நீரை வெளியேற்றினால் சுருங்கும், ஏற்றினால் விரியும். எனவே மகிழ்ச்சியோ துன்பமோ, ஓய்வோ நோயோ, மென்பவளம் காட்டக்கூடிய முதல் அடையாளம் சுருங்குவது ஒன்றுதான். பல காரணங்களுக்கு ஒரே அடையாளம் என்பதே இங்குள்ள சிக்கல்.

தொடக்கத்தில் நாம் கூறிய தோல்பவளத்தையே எடுத்துக்கொள்வோம். சார்கோஃபைட்டன் என்னும் இனத்தைச் சேர்ந்த இது, சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை தன் மேல்தோலை உரிக்கிறது. வெளிப்புறத்தில் படிந்த பாசி, தூசு, நுண்ணுயிர்கள் ஆகியவற்றைக் களைந்தெறிய அது கையாளும் முறை இது. அப்போது இழைகளை உள்ளிழுத்துக்கொண்டு, மெல்லிய மெழுகுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அசைவற்று இருக்கும். சில நாள்களில் அப்படலம் கிழிந்து நீரோட்டத்தில் மிதந்து போகும். பிறகு பவளம் முன்னைவிடப் பொலிவுடன் விரியும். ஒரு வாரம் ஆகலாம், சில வேளை இரண்டு வாரமும் ஆகலாம். இதற்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. படலம் விரைவில் நீங்கும்படி நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டிவைத்தால் போதும்.

தோலுரித்தலையும் நோயையும் பிரித்தறிவது கடினமன்று. தோலுரிக்கும் பவளத்தின் தண்டும் அடிப்பகுதியும் உறுதியாக இருக்கும். நிறம் சற்று மங்கினாலும் உடல் முழுவதும் ஒரே சீராக இருக்கும். கையுறை அணிந்த விரலால் மெல்லத் தொட்டால் ரப்பரைப்போல் எதிர்த்து நிற்கும். நோயுற்றதோ ஏதேனும் ஓரிடத்தில் கறுத்தோ பழுப்பாகவோ குழைந்திருக்கும். அவ்விடம் நாளுக்கு நாள் விரியும். அருகிலுள்ள நீரை முகர்ந்தால் அழுகிய நாற்றம் வீசும். மூக்கைப்போல் நம்பத்தக்க கருவி இவ்விடத்தில் வேறில்லை. அழுகிய நாற்றமும் குழைவும் இல்லாத வரையில் காத்திருப்பதே சிகிச்சை.

இன்னும் சில இயல்பான ஓய்வுகள் உண்டு. பல இனங்கள் விளக்கு அணைந்ததும் சுருங்கிக்கொள்ளும். நட்சத்திரப் பாலிப் எனப்படும் பச்சைநிறப் பவளம் இடம் மாற்றப்பட்டால் பல நாள்கள் ஊதாநிறப் பாயாக மூடிக் கிடக்கும். விரல்களை மூடித் திறப்பதுபோல் ஓயாது துடிக்கும் சீனியா வகைப் பவளங்கள் திடீரென நின்றுவிட்டால் நாம் பதறுகிறோம். செங்கடலின் ஏலாத் கரையோரம் இவ்வகைப் பவளம் ஒன்றைக் கூர்ந்து நோக்கிய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஒளிச்சேர்க்கையில் மிகும் ஆக்சிஜனைத் தன்னைச் சுற்றிலும் தேங்கவிடாமல் கலைப்பதே அத்துடிப்பின் பயன் என்று அது காட்டியது. இரவு பகலாகத் துடிக்கும் அப்பவளமும் பிற்பகலில் சிறிது நேரம் ஓய்ந்திருந்தது. ஆகவே சிறிது நேரம் நிற்பது கவலைக்குரியதன்று. நாள் முழுதும், அதுவும் அடுத்தடுத்த நாள்களில் நின்றிருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

வங்கித் துறையினருக்கு இவ்வகை வேறுபாடு புதிதன்று. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால்தான் ஒரு கடன் செயலற்ற சொத்து ஆகிறது. அதற்கு முன்பே, 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை என்று மூன்று படிகளில் அக்கணக்கைச் சிறப்புக் கவனத்தில் வைக்கும் வழக்கம் உள்ளது. முதற்படியிலிருக்கும் கணக்குகளில் பல தாமே சீராகிவிடும். அவற்றுக்குத் தேவை கவனிப்பு, நடவடிக்கையன்று. பவளத் தொட்டியிலும் அதே நிதானம் வேண்டும். ஆனால் கவனிப்பு என்பது சும்மா இருப்பதன்று. நாள், வெப்பநிலை, உப்பளவு, எந்தப் பவளம் எந்நிலையில் உள்ளது என்பதை ஒரு பழைய நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதி வருவதே அது. ஒரு கைப்பேசிப் படமும் உடன் இருந்தால் நினைவு நம்மை ஏமாற்றாது.

வாட்டம் மெய்யானது என்று உறுதியானபின் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வாடியது ஒன்றா, எல்லாமுமா? இக்கேள்விக்கான விடை பாதி நோயைக் கண்டறிந்து கொடுத்துவிடும். ஒரே ஒரு பவளம் வாடி, ஏனையவை நலமாக இருந்தால், காரணம் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது: ஒளி, நீரோட்டம், அண்டைப் பவளம், ஒட்டுண்ணி. எல்லாப் பவளங்களும் ஒரே நேரத்தில் சுருங்கினால் காரணம் எல்லாவற்றுக்கும் பொதுவானது: நீர், வெப்பம், அல்லது நஞ்சு. முதல்வகைக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். இரண்டாம் வகைக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

எல்லாம் சுருங்கிய நிலையில் முதலில் வெப்பமானியையும், அடுத்து உப்பளவையும் பாருங்கள். பவளங்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் உகந்தது. நம் நாட்டுக் கோடையில் அறையின் வெப்பமே 34 பாகையைத் தொடும்போது, சில்லர் பழுதான ஒரு பிற்பகல் போதும், தொட்டி 31 பாகைக்கு ஏறிவிடும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் வெப்பமும் மூச்சுத்திணறலும் சேர்ந்தே வருகின்றன. நீர்ப்பரப்பின் மீது மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது எளிய உபாயம். இரண்டு மூன்று பாகை குறையும். தில்லியின் வறண்ட மே மாதத்தில் இது நன்கு பயன்படும். மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் அவ்வளவு பயனில்லை.

விசிறி வைத்தால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாவதாகக் கொள்வோம். ஐந்து நாள் ஊரில் இல்லை, நீர் ஈடுசெய்யப்படவில்லை. ஆவியானது 20 லிட்டர் நீர், உப்பு ஆவியாவதில்லை. ஆகவே ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு ஏறத்தாழ 39 ஆகிவிடும். செங்கடலின் வடபகுதியில் 40 அளவு உப்பிலும் பவளங்கள் செழித்தே வாழ்கின்றன. ஆகவே 39 என்னும் எண் தன்னளவில் கொடிதன்று. சில நாள்களுக்குள் அங்கு போய்ச் சேர்ந்ததே கொடிது. இதே காரணத்தால் அதைத் திருத்துவதும் மெல்லவே நடக்க வேண்டும். ஒரே மூச்சில் 20 லிட்டர் நன்னீரைக் கொட்டுவது இரண்டாம் அதிர்ச்சி. நாளொன்றுக்கு ஓர் அளவு வீதம் குறைத்து, நான்கு நாளில் 35க்குக் கொண்டுவருவதே முறை. ஈடுசெய்ய ஊற்றுவது எப்போதும் நன்னீரே என்பதையும் மறவாதீர்கள். உப்புநீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும்.

உப்பளவைக் காட்டும் கருவியையும் ஐயுற வேண்டும். முள் அசையும் மலிவான கருவியில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு பிறழும். ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் மேலானது. ஆயினும் அதனை வெறும் தூயநீரைக் கொண்டு சுழியத்தில் நிறுத்தினால் போதாது. 35 அளவுடைய சோதனைக் கரைசலைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பணப்பெட்டியில் இருப்புக் குறைந்தால் காசாளரை ஐயுறுமுன் எண்ணும் இயந்திரத்தைச் சோதிப்பது நம் வழக்கமன்றோ?

வெப்பமும் உப்பும் சரியாக இருந்தும் எல்லாம் சுருங்கியிருந்தால், நஞ்சு எங்கிருந்தேனும் வந்ததா என்று வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நூல்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் நம் வீடுகளுக்கே உரிய காரணங்கள் இங்குதான் உள்ளன. அவற்றுள் முதலாவது செம்பு. மீன்களின் ஒட்டுண்ணிகளைக் கொல்லச் செம்பு கலந்த மருந்துகள் விற்கப்படுகின்றன. மீனுக்கு மருந்தாகும் அளவே முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சாகும். இதை அறிந்தவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று உண்டு. அண்மை ஆண்டுகளில் குடிநீரில் செம்புச்சத்தைச் சேர்த்துத் தரும் சுத்திகரிப்பான்கள் பல வீடுகளில் இடம்பிடித்துள்ளன. குடிப்பவருக்கு நன்மை என்று விற்கப்படும் அந்நீரையே தொட்டிக்கும் ஊற்றினால், பவளத்துக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக நஞ்சு புகட்டியதாகும். தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் ஏனைய சுத்திகரிப்பான்களின் நீரும் தொட்டிக்கு ஏற்றதன்று. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடித்து, அயனி நீக்கும் பிசினின் வழியாகவும் செலுத்தப்பட்டு, டிடிஎஸ் கருவியில் சுழியம் காட்டும் நீரே வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

குழந்தைகள் உள்ள வீட்டில் தொட்டிக்குள் நாணயம் விழுவதும் நடக்கும். நம் 10 ரூபாய் நாணயத்தின் வெளிவளையத்தில் பெரும்பங்கு செம்பே. கண்ணாடியைத் துடைக்கும் காந்தத்தின் உறை விரிசல்விட்டு உள்ளே துருவேறியிருப்பதும் உண்டு. மணலைக் கிளறித் தேடினால் இவை கிட்டும்.

இரண்டாவது, கொசு. கொசுவிரட்டி ஆவிகள், கரப்பான் தெளிப்பான்கள் ஆகியவற்றில் பெரிதும் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன், இறால் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியவை. தொட்டியின் காற்றுப்பம்பும் புரோட்டீன் ஸ்கிம்மரும் அறைக்காற்றை இழுத்து நீருக்குள் குமிழ்களாகச் செலுத்துபவை. அறையில் தெளித்தது சில நிமிடங்களில் நீரில் கரையும். மாநகராட்சி புகையடிக்கும் மாலைகளில் சன்னலை அடைத்து, அரைமணி நேரம் அக்கருவிகளை நிறுத்தி, நீரோட்ட மோட்டாரை மட்டும் ஓடவிடுவது நன்று. பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூசும் நாள்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். நஞ்சு புகுந்தது என்று ஐயம் எழுந்தால், அப்போது மட்டும் நிதானத்தை ஒதுக்கிவைக்கலாம். ஒரே வெப்பமும் உப்பளவும் கொண்ட புதுநீரால் பெருமளவு நீரை மாற்றி, வடிகட்டியில் கிளர்வூட்டிய கரியை இடுங்கள்.

மூன்றாவது நுட்பமானது. கோடை இரவுகளில் குளிர்பதனம் செய்த அறையைச் சன்னல் திறவாமல் மூடி, மூவர் நால்வர் உறங்குகிறோம். நாம் வெளிவிடும் கரியமில வாயு அறையில் தேங்கி நீரிலும் கரைகிறது. நீரின் பிஎச் அளவு இறங்குகிறது. பொதுவாக 8.0க்கும் 8.4க்கும் இடையே இருக்க வேண்டியது, விடியற்காலையில் 7.8க்கும் கீழே போகலாம். இதைக் கண்டு பிஎச் ஏற்றும் பொடியைக் கொட்டுவோர் பலர். பொடியால் காரத்தன்மைதான் கட்டுக்கடங்காமல் ஏறும். மூலகாரணமோ அறைக்காற்றில் அப்படியே இருக்கும். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவைப்பது செலவில்லாத் தீர்வு.

இவை தவிர வழக்கமான நீர்ச்சோதனைகள் உண்டு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக் கூடாது. காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் என ஒரே நிலையில் இருப்பது போதும். நைட்ரேட்டைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது: சுழியம் என்றால் தூய்மை, தூய்மை என்றால் நலம். மென்பவளங்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் நைட்ரேட்டும், 0.03 முதல் 0.1 மில்லிகிராம் பாஸ்பேட்டும் இருப்பதே அவற்றுக்கு இதம். இரண்டும் சுழியமாக்கப்பட்ட பளிங்கு நீரில் அவை பட்டினியால் வெளிறி, மாதக்கணக்கில் சிறுத்துப்போகும்.

வெளிறுதலைச் சற்று விளக்க வேண்டும். பவளத்தின் சதைக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளம் அவற்றுக்கு இருப்பிடமும் உரமும் தருகிறது. பல பவளங்களின் பழுப்புநிறம் இந்தக் குடித்தனக்காரர்களுடையதே. வெப்பமோ ஒளியோ மிகும்போது இவ்வுறவு முறிந்து பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளிறுகிறது. பெருங்கடலிலும் நடப்பது இதுவே. 1998இல் இலட்சத்தீவு, அந்தமான், மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகள் இவ்வாறு வெளிறிப் பேரிழப்புக் கண்டன. உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே கடலில் இது நிகழ்கிறது என்பதை எண்ணினால், நம் சில்லரின் அருமை புரியும்.

வெளிறலின் வடிவம் அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். விளக்கை நோக்கிய மேற்பக்கம் மட்டும் வெளிறி, நிழற்பக்கம் நிறத்துடன் இருந்தால் ஒளி மிகுதி. சில நாள்களுக்குள் உடல் முழுதும் வெளிறினால் வெப்பம். பல வாரங்களாகச் சிறிது சிறிதாக வெளிறினால் பட்டினி. இதற்கு மாறாக நிறம் கருத்து, தண்டு மட்டும் நெடிதாக வளர்ந்து விளக்கை நோக்கிச் சாய்ந்தால் ஒளி போதவில்லை. புதிய எல்இடி விளக்கு வாங்கியவர்கள் அதன் ஆற்றலைப் பாதிக்கும் கீழே வைத்துத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவது நலம். விளக்கை மாற்றாமலேயே ஒளி மிகுவதும் உண்டு: மாதக்கணக்கில் மஞ்சளாகக் கலங்கியிருந்த நீரில் ஒரே நாளில் நிறையக் கரியை இட்டால், நீர் தெளிந்து, பவளத்தின்மீது திடீரென வெயில் விழுந்ததுபோல் ஆகிவிடும்.

இனி, ஒன்று மட்டும் வாடிய நிலை. அதன் அண்டை வீட்டாரைப் பாருங்கள். மென்பவளங்கள் பார்வைக்குத்தான் சாது. ஓடமுடியாத, ஓடில்லாத இவ்வுயிர்கள் வேதிப்பொருள்களைக் கொண்டே தம்மைக் காத்துக்கொள்கின்றன. தோல்பவளத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சார்கோஃபைன் என்னும் டெர்பீன் வகைப் பொருள் மீன்களுக்கு நஞ்சாவது. கடலில் இத்தகைய கசிவுகள் அலையில் கரைந்து போகும்; 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அவை போக இடமில்லை. தோல்பவளத்துக்குக் கீழ்நீரோட்டத்தில் நிற்கும் கல்பவளம் காரணமின்றி நலிவது பல தொட்டிகளில் காணப்படுவதே. ஒரு கையகலமேனும் இடைவெளி விடுவதும், வடிகட்டியில் கரியைச் சிறிதளவாக இட்டு மூன்று வாரத்துக்கொருமுறை புதுப்பிப்பதும் இப்பகையைத் தணிக்கும்.

நீரோட்டத்தையும் நோக்குக. ஒரே பக்கமாக வளைந்து நிற்கும் பவளத்தின்மீது மோட்டார் நேராக அடிக்கிறது என்று பொருள். மேலே தூசும் பாசியும் படிந்து கிடந்தால் ஓட்டம் போதவில்லை. பூச்சிகளைத் தேடுவதாயின் விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் தேடுங்கள். பவளத்தின் நிறத்தையே போர்த்திக்கொண்ட கடல்நத்தைவகை உயிர்கள் அப்போது மேய வெளிவரும். முட்புழுக்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை துப்புரவாளர்கள். அழுகிய பவளத்தின்மீது அவை கூடியிருப்பது கொலைக்காக அன்று, சாவுக்குப் பின்பே.

கறுத்துக் குழைந்த பகுதி பரவுமானால் அறுவையே வழி. தொட்டிக்குள் வெட்டக் கூடாது. வெட்டுண்ட சதையின் நஞ்சு எல்லாவற்றையும் வாட்டும். தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, பவளத்தை அதில் வைத்து, கூரிய புதுத் தகட்டால், கெட்ட பகுதியுடன் நல்ல சதையிலும் ஒரு சென்டிமீட்டர் அளவு சேர்த்து அறுத்தெடுத்து, வேறு நீரில் அலசித் திருப்பி வைக்க வேண்டும். மென்பவளங்களின் ஆறும் ஆற்றல் வியப்புக்குரியது. வெட்டிய இடம் ஓரிரு வாரங்களில் மூடிக்கொள்ளும். நலமான துண்டு ஒன்றைச் சிறுகல்லின்மீது வலைத்துணியால் தளரக் கட்டிவைத்தால் அதுவே தனிப்பவளமாகும். முதற்பவளம் பிழைக்காவிட்டாலும் அதன் வாரிசு எஞ்சும். எந்தத் திருத்தமாயினும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செய்து, அடுத்ததற்கு முன் நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள். அப்போதுதான் எது பயன்பட்டது என்று நாட்குறிப்பு கூறும்.

இறந்ததற்கு மாற்றாக ஒன்று வாங்க நேரும்போது சட்டத்தையும் நினைவில் கொள்வோம். கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள், தீப்பவளங்கள் ஆகியவற்றுடன், மென்பவளங்களின் நெருங்கிய உறவினரான கடல்விசிறிகளும் குழற்பவளமும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். எந்தப் பவளமாயினும், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான பட்டியலும் முறையான ஆவணமும் தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே பாதுகாப்பு.

எஞ்சியிருப்பது நம் சொந்த உடல்நலம். மென்பவளத் தொட்டிகளில் பெரும்பாலும் உடன் வைக்கப்படுவன பொத்தான் பாலிப்கள் எனப்படும் ஜோவாந்திட் உயிர்கள். இவற்றுள் பாலித்தோவா இனத்தைச் சேர்ந்த சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு உள்ளது. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த ஓர் இனத்திலிருந்து 1971இல் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட இது, இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. பவளம் இறந்தபின் கல்லை மீண்டும் பயன்படுத்த எண்ணி, கொதிநீரை ஊற்றியோ அடுப்பில் வேகவைத்தோ கழுவுவோர் உண்டு. அந்த ஆவியை முகர்ந்து குடும்பமே மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. இவ்வுயிர்கள் ஒட்டிய கல்லை ஒருபோதும் சூடாக்காதீர்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். வெட்டும்போது கையுறையுடன் கண்ணாடியும் அணியுங்கள். தொட்டி வேலைக்குப்பின் வாயில் கசப்போ உலோகச் சுவையோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், கண்ணெரிச்சலோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாலிடாக்சின் என்னும் பெயரை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். நம் ஊர்களில் இது அரிது என்பதால், நீங்கள் சொல்லாமல் அவர் இதை ஐயுற வாய்ப்பில்லை.